எலியின் இரைப்பைத் துண்டில் எரித்ரோமைசின் எந்த அசைவும் காட்டவில்லை, எங்கே தவறு?

பொதிகைக்காற்று எழுதியது:

வணக்கம். விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு, முதல் ஆண்டு. மூன்று மாதமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். உடலியங்கியல் தெரிந்தவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குடலில் சுரக்கும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) இரைப்பையின் சுரப்பையும் அசைவையும் எப்படி மாற்றுகின்றன என்பதுதான் என் தலைப்பு. அசைவுக்கு மோட்டிலின் என்ற குடல் பெப்டைடை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெப்டைடு விலை அதிகம். ஆனால் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் செல்லில் மோட்டிலினை வாங்கிக்கொள்ளும் ரிசப்டரிலேயே போய் ஒட்டி அதே வேலையைச் செய்யும் என்று படித்திருந்தேன். சரி, முதலில் மலிவானதை வைத்துப் பார்ப்போம், சுருக்கத்தைக் காட்டும் வளைவு கிடைத்ததும் மோட்டிலின் வாங்கலாம் என்று திட்டம்.

எங்கள் விலங்கு இல்லத்தில் இருப்பவை விஸ்டார் எலிகள்தான். நெறிமுறைக் குழு எட்டு எலிகளுக்கு அனுமதி தந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்திலிருந்து நீளவாக்கில் துண்டு எடுத்து, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை நூலால், இழுவையை அளக்கும் டிரான்ஸ்டியூசரில் கட்டினேன். 20 மில்லி ஆர்கன் பாத் (துண்டைத் தொங்கவிடும் தொட்டி), டைரோடு என்ற உப்புக் கரைசல், 37 டிகிரி, கீழிருந்து ஆக்சிஜன் குமிழ், ஒரு கிராம் இழுவிசை, முக்கால் மணி நேரம் நிதானப்பட விட்டேன். தசையைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் கொடுத்தால் வளைவு சடாரென்று ஏறுகிறது. கழுவினால் இறங்குகிறது. ஆக துண்டு உயிரோடுதான் இருக்கிறது. எரித்ரோமைசின் கொடுத்தால்? தானாகத் துடிக்கும் சின்ன அலைகள் அப்படியே போய்க்கொண்டிருக்கின்றன. உயரம் கூடவில்லை, வேகம் கூடவில்லை. பத்து மடங்கு, நூறு மடங்கு என்று செறிவைக் கூட்டியும் அதே கதை.

ஐந்து எலிகள் முடிந்துவிட்டன. மீதி மூன்று. என் கை மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் பக்கத்து மேசையில் என் சீனியர் அக்கா அதே எலிகளில், காஸ்ட்ரின் என்ற இரைப்பைப் பெப்டைடின் செயற்கை வடிவமான பென்டாகாஸ்ட்ரின் கொடுத்து அமிலச் சுரப்பை அளக்கிறார். அவருக்கு ஒவ்வொரு முறையும் அமிலம் அழகாக ஏறுகிறது. ஒரு பெப்டைடுக்குக் கேட்கும் எலி, இன்னொன்றுக்கு ஏன் கேட்கவில்லை?

ஐந்தாவது எலியைத் தூக்கிய அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆறாவதைத் தொடும் முன் காரணம் தெரிய வேண்டும்.

கருங்குளம் எழுதியது:

எம்.ஃபார்ம் மாணவன். நீங்கள் பயன்படுத்திய எரித்ரோமைசின் எந்த வடிவம்? மாத்திரையை இடித்துக் கரைத்தீர்களா? எரித்ரோமைசின் பேஸ் தண்ணீரில் சரியாகக் கரையாது. பாத்துக்குள் போனதும் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். அப்புறம் அமிலத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், கரைசலின் பிஹெச் பாருங்கள். கால்சியம் குளோரைடு சரியாகப் போட்டீர்களா என்றும் பார்க்கவும். எங்கள் ஆய்வகத்தில் நடக்கும் பாதிக் குளறுபடி அதில்தான்.

பொதிகைக்காற்று எழுதியது:

நன்றி அண்ணா. மாத்திரை இல்லை, ஊசிக்கு வரும் லாக்டோபயோனேட் உப்பு. தெளிவாகக் கரைகிறது. அன்றன்று புதிதாகக் கரைக்கிறேன். பிஹெச் 7.4. கால்சியம் கடைசியில்தான் சேர்க்கிறேன். அசிட்டைல்கோலினுக்குத் துண்டு நன்றாகச் சுருங்குவதால் கரைசலில் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

முல்லைவனம் எழுதியது:

தம்பி, உங்கள் கையில் தவறு இல்லை. உங்கள் துண்டிலும் இல்லை. எலிக்கு மோட்டிலின் கிடையாது. அதை வாங்கிக்கொள்ளும் ரிசப்டரும் கிடையாது. அந்தப் பெப்டைடுக்கான ஜீன், ரிசப்டருக்கான ஜீன் இரண்டுமே எலியிலும் சுண்டெலியிலும் பரிணாம வழியில் பழுதடைந்து செயலிழந்துவிட்டன. பூட்டே இல்லாத கதவில் சாவி போட்டுத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மீதி மூன்று எலிகளை இதற்காகத் தொடாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு 31 ஆண்டுகள் உடலியங்கியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த மாணவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. பாடநூலில் 'மோட்டிலின் இரைப்பையை அசைக்கிறது' என்று ஒரே வரியில் இருக்கும். எந்த விலங்கின் இரைப்பை என்று இருக்காது. போதாக்குறைக்கு, எதிர்ப்பொருளை வைத்துச் சாயமேற்றி எலிக்குடலில் மோட்டிலின் கண்டதாகச் சொல்லும் பழைய கட்டுரைகளும் உண்டு. எதிர்ப்பொருள் வேறு எதிலோ போய் ஒட்டியிருக்கும். மரபணு வரிசை முழுதாகக் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

மோட்டிலின் முதலில் தெரியவந்தது நாயில். 1960களின் நடுவில் ஜான் பிரவுன் என்பவர், நாயின் முன்சிறுகுடலுக்குள் காரக் கரைசலை விட்டால் இரைப்பை வலுவாகச் சுருங்குவதைப் பார்த்தார். நரம்புத் தொடர்பு அறுத்து வைத்த இரைப்பைப் பையும் சுருங்கியது. நரம்பு இல்லாமல் செய்தி போக வேண்டுமானால் ரத்தத்தில் ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும். பின்னர் கனடாவின் வான்கூவரில் இருந்துகொண்டு, ஸ்டாக்ஹோமின் விக்டர் முட்டுடன் சேர்ந்து, பன்றிக் குடலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 22 அமினோ அமிலங்கள். இரைப்பையை நகர்த்துவது என்பதால் மோட்டிலின்.

அது எப்போது நகர்த்துகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாப்பிட்ட பிறகு இல்லை, வயிறு காலியாக இருக்கும்போது. பட்டினி கிடக்கும் நாயின் இரைப்பையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலத்த சுருக்க அலை ஒன்று கிளம்பி, சிறுகுடல் முழுக்க ஊர்ந்து கடைசி வரை போகும். மிச்சம் மீதி, எலும்புத் துணுக்கு, சளி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டு போகும். ஷுர்ஷெவ்ஸ்கி 1969ல் நாயில் இதைப் பதிவு செய்தார். பிறகு ஜப்பானில் சென் இட்டோவின் குழு, நாயின் ரத்தத்தில் மோட்டிலின் ஏறும் நேரமும் இந்த அலை கிளம்பும் நேரமும் ஒன்றாக இருப்பதைக் காட்டியது. ஒரு கவளம் சோறு உள்ளே போனால் போதும், அலை நின்றுவிடும். நமக்கும் இப்படித்தான். பசியில் வயிறு கடமுடவென்று இரைவது பெரும்பாலும் இந்த அலையால்தான்.

எரித்ரோமைசின் கதையும் அதே குழுவிடமிருந்து வந்ததுதான். 1984ல், நாய்க்கு அந்த மருந்தைக் குறைந்த அளவில் ரத்தத்தில் ஏற்றியபோது, மோட்டிலின் கொடுத்தது போலவே அலை கிளம்பியதை எழுதினார்கள். அது மோட்டிலின் ரிசப்டரிலேயே ஒட்டுகிறது என்பதை பெல்ஜியத்தின் லூவென் நகரில் பீட்டர்ஸ் முதலானவர்கள் 1989ல் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது முயல் திசு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும்.

இன்னொரு விலங்கு. நம் வீட்டு மூஞ்சூறு. ராத்திரி அடுப்படி ஓரமாகச் சுவரை ஒட்டி 'கீச் கீச்' என்று ஓடுமே, கிட்டப் போனால் ஒரு வாடை அடிக்குமே, அதேதான். பிள்ளையாருக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் எலி வகை என்று நினைக்கிறோம். அது எலி இல்லை, கொறித்துண்ணியே இல்லை. பூச்சி தின்னும் வேறு குடும்பம். எலியால் வாந்தி எடுக்க முடியாது, மூஞ்சூறால் முடியும். அதனால்தான் ஜப்பானியர்கள் 1980களிலேயே வாந்தி ஆய்வுக்கு அதை வளர்த்தார்கள். பிறகு சைத்தாமா பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது அதனிடம் மோட்டிலின், ரிசப்டர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. நாயில் நடப்பது போன்ற பட்டினி அலையும் இருந்தது. கை அளவு விலங்கில் நாயின் இரைப்பைக்கு ஒரு மாதிரி கிடைத்தது. எனக்கு இது தெரிந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து, சிலிண்டருக்குப் பின்னால் ஓடிய மூஞ்சூற்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

உங்கள் சீனியரின் பென்டாகாஸ்ட்ரின் ஏன் வேலை செய்கிறது என்பதை நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கால்நடைக்காரி எழுதியது:

முல்லைவனம் மேடம் சொன்னதோடு களத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர். பெரும்பாலும் கறவை மாடுகள், கொஞ்சம் நாய்கள்.

கன்று போட்ட சில வாரங்களில் கலப்பின மாடுகளுக்கு நான்காம் வயிறு, அதாவது அபோமேசம், அசைவு குறைந்து காற்று நிறைந்து இடப்பக்கம் மேலேறிவிடும். கடைசி விலா மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து விரலால் சுண்டினால் பித்தளைக் குடத்தைத் தட்டியது போல 'டிங்' என்று கேட்கும். அறுவை செய்து இடத்தில் தைத்த பிறகும் அது சோம்பிக் கிடக்கும். அப்படிப்பட்ட மாடுகளில் எரித்ரோமைசின் அபோமேசம் காலியாவதை வேகப்படுத்துவதாக ஆய்வுகள் இருக்கின்றன. மாட்டுக்கு அந்த ரிசப்டர் இருப்பதால்தான் இது நடக்கிறது. நாயிலும், தொற்றுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில் இரைப்பையை அசைக்க இதைப் பயன்படுத்துவதுண்டு. அளவு கூடினால் அதே நாய் வாந்தி எடுக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் எரித்ரோமைசினை நாய்க்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள். வளர்ப்பு முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, முயல் செத்துப்போகும். ஒரு வீட்டில் அப்படிச் செத்த முயலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த குழந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முல்லைவனம் எழுதியது:

கால்நடைக்காரி சொன்ன எச்சரிக்கையை எல்லோரும் மனதில் வையுங்கள்.

இனி காஸ்ட்ரின். 1905ல் லண்டனில் எட்கின்ஸ், ஆன்ட்ரத்தின் உட்சவ்விலிருந்து எடுத்த சாற்றைப் பூனைக்குச் செலுத்தி அமிலம் சுரப்பதைக் காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. சாற்றில் இருக்கும் ஹிஸ்டமின்தான் அந்த வேலையைச் செய்கிறது என்றார்கள். 1964ல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றி ஆன்ட்ரத்திலிருந்து தூய காஸ்ட்ரினைப் பிரித்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது. எட்கின்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஹிஸ்டமின் என்று சொன்னவர்களும் முழுக்கத் தவறில்லை. காஸ்ட்ரின் ரத்தத்தில் சுற்றி வந்து, இரைப்பையின் மேல்பகுதியில் இருக்கும் சில செல்களை ஹிஸ்டமினை வெளிவிட வைக்கிறது. அந்த ஹிஸ்டமின் பக்கத்துச் செல்லை அமிலம் சுரக்கச் சொல்கிறது.

காஸ்ட்ரினில் 17 அமினோ அமிலங்கள். ஆனால் வேலை நடப்பது கடைசி நான்கில்: டிரிப்டோஃபேன், மெத்தியோனின், அஸ்பார்டிக் அமிலம், ஃபினைல்அலனின். பென்டாகாஸ்ட்ரின் என்பது அந்த வாலும் முன்னால் ஒரு ஒட்டும்தான். பித்தப்பையைச் சுருக்கும் கோலிசிஸ்டோகைனினுக்கும் இதே வால். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிலிருந்து இத்தாலியின் எர்ஸ்பாமர் குழு 1960களில் எடுத்த செருலீன் என்ற பெப்டைடுக்கும் இதே வால்! பன்றியின் இரைப்பையிலும் தவளையின் தோலிலும் நான்கு எழுத்து மாறாமல் நிற்கிறது. எலியிலும் அந்த வாலுக்கான ரிசப்டர் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் அக்காவுக்கு வளைவு ஏறுகிறது.

அவர் எலியின் இரைப்பைக்குள் நீர்த்த காரத்தை ஓடவிட்டு வெளியே பிஹெச் அளக்கிறார் என்றால், அது 1958ல் லண்டனில் கோஷும் ஷில்டும் உருவாக்கிய முறை. அந்த எம். என். கோஷ்தான் பின்னாளில் நம் புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். அக்காவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சுரப்பை ஏற்ற ஒன்று இருந்தால் இறக்கவும் ஆள் வேண்டும். இரைப்பையில் அமிலம் ஏறி பிஹெச் 3க்குக் கீழே போனதும் சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு பெப்டைடு வந்து காஸ்ட்ரினை அடக்கும். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் கிளம்பி, இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தி, குடலுக்குப் போகும் வாசலை இறுக்கி, 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிறு மத்தியானம் வரை கனமாக இருப்பது இதனால். எலியிலும் இது நன்றாக நடக்கும். எலியை வைத்துத்தான் அசைவைப் பார்க்க வேண்டும் என்றால் கோலிசிஸ்டோகைனினோ, பசியைத் தூண்டும் பெப்டைடான கிரெலினோ எடுங்கள். கிரெலின் 1999ல் கண்டுபிடிக்கப்பட்டதே எலியின் இரைப்பையில்தான். மோட்டிலினுக்கு அது தூரத்து உறவு. எலியின் இரைப்பையை அதுவும் அசைக்கும்.

மோட்டிலினையே பார்க்க ஆசை என்றால் முயலின் முன்சிறுகுடல். முயலில் மோட்டிலின் தசையின் மேலேயே நேரடியாக வேலை செய்யும், அதனால் பாத்தில் தொங்கவிட்ட துண்டே போதும். நாயில் பெரும்பாலும் நரம்பு வழியாகத்தான், அறுத்தெடுத்த துண்டு அவ்வளவாகப் பேசாது. கறிக்கு முயல் வளர்க்கும் பண்ணை பக்கத்தில் இருக்கும். அறுக்கும்போது போய், குளிர்ந்த டைரோடில் வாங்கி வாருங்கள். இதற்கென்று தனியாக ஓர் உயிர் போக வேண்டாம். குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பொதிகைக்காற்று எழுதியது:

அம்மா, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கையில் ஒரு வளைவு இல்லாமல் இங்கே வர மனமில்லை.

உங்கள் பதிலை அச்செடுத்து நெறியாளரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். 'எலியைத் தேர்ந்தெடுத்தது நான்தான், நீ இல்லை' என்றார். எனக்கு அது போதும்.

முதல் முயல் வீணாகிவிட்டது. பண்ணை ஊருக்கு வெளியே இருக்கிறது. பாலித்தீன் பையில் கரைசலோடு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்தேன், மே மாத வெயில். பாத்தில் மாட்டியபோது அசிட்டைல்கோலினுக்கே அசையவில்லை. இரண்டாவது முறை அம்மாவின் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் பனிக்கட்டி போலக் குளிர்ந்த டைரோடு, நண்பனின் பைக். நாற்பது நிமிடத்தில் ஆய்வகம்.

துண்டு மாட்டிய பத்தாவது நிமிடமே தானாக ஊஞ்சல் போல ஆடத் தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, எலியில் முதலில் கொடுத்த அதே செறிவு. ஒன்றுமில்லை. பத்து மடங்கு. அடிக்கோடு மெதுவாக, எறும்பு ஏறுவது போல, மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. அலைகளும் அதன் மேலேயே ஏறி நின்றன. அக்காவைக் கூப்பிட்டேன், குரல் வரவில்லை, கையைத்தான் ஆட்டினேன். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபினைப் போட்டுவிட்டு வேறொரு துண்டில் கொடுத்தும் ஏறியது. நீங்கள் சொன்னது போல நரம்பைக் கேட்காமல் தசையே பதில் சொல்கிறது.

மீதி மூன்று எலிகள் என் கணக்கிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டன, கடிதம் கொடுத்தாயிற்று.

ஒரு சந்தேகம். கழுவிவிட்டு பதினைந்து நிமிடத்தில் அதே அளவை மறுபடி கொடுத்தால் வளைவு பாதி உயரம்கூட வரவில்லை. துண்டு களைத்துவிட்டதா?

முல்லைவனம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த வளைவின் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.

துண்டு களைக்கவில்லை. அசிட்டைல்கோலின் கொடுத்துப் பாருங்கள், முழு உயரம் வரும். களைப்பது ரிசப்டர். மோட்டிலின் ரிசப்டர் ஒருமுறை தூண்டப்பட்டதும் கொஞ்ச நேரம் மரத்துவிடும். மருத்துவமனையில் எரித்ரோமைசின் தொடர்ந்து கொடுத்தால் சில நாட்களில் இரைப்பை அசைவுக்கு அது பயன்படாமல் போவதற்கும் இது ஒரு காரணம். ஒரு துண்டுக்கு ஒரே செறிவு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. அதே துண்டில்தான் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, நடுவில் நான்கைந்து முறை கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் முடிவில் அசிட்டைல்கோலின் வளைவையும் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு முயலின் முன்சிறுகுடலில் ஆறு துண்டு தாராளமாக வரும்.